தரைமட்டம் மைனஸ் எண்பதா?

வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம் ட்ரோன் மேப்பிங்கும் அதற்கான கட்டற்ற மென்பொருள்களும். பதில் சொல்பவர், ஆலந்தூரில் சர்வே ஆபீஸ் நடத்தும் நில அளவையாளர்.

கேள்வி: சின்னதாக ஒரு கட்டுமான கன்சல்டன்சி நடத்துகிறேன். ஒரு லேஅவுட் வேலைக்காக ட்ரோன் ஆபரேட்டர் ஒருவர் 420 போட்டோக்களை பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவற்றை மேப் ஆக்கும் சாஃப்ட்வேருக்கு வருடச் சந்தா விசாரித்தால் தலை சுற்றுகிறது. இலவசமாக ஏதாவது உண்டா? என் கம்ப்யூட்டரில் 16 ஜிபி ரேம் இருக்கிறது.
– பொறியாளர், அம்பத்தூர்

பதில்: உண்டு. பெயர் ஓப்பன்ட்ரோன்மேப். 2014-ல் ஸ்டீபன் மேதர் என்ற அமெரிக்கர் தொடங்கி வைத்தது. இப்போது பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து வளர்க்கிறார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்க வேண்டிய இன்ஜின் அது. அதையே பிரவுசரில் பட்டன் அழுத்தி ஓட்டுவதற்கு வெப்ஓடிஎம் என்ற முகப்பு இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதுதான். முதலில் டாக்கரை (பிற மென்பொருள்களைப் பெட்டியில் அடைத்தது போல ஓட்ட உதவும் மென்பொருள்) நிறுவி, அதன் வழியாக வெப்ஓடிஎம்மை ஏற்றினால் பைசா செலவில்லை. அந்தப் பாடெல்லாம் வேண்டாம், டபுள் கிளிக் செய்தால் நிறுவிக்கொள்ள வேண்டும் என்பவர்களுக்கு, உருவாக்கியவர்களே ஒரு விலை வைத்துத் தனியாக விற்கிறார்கள். ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் வாங்குங்கள், அவர்களும் பிழைக்க வேண்டுமே.

உள்ளே நடப்பது இது. ஒவ்வொரு போட்டோவிலும் மூலை, கறை, ரோட்டுக் கோடு என்று ஆயிரக்கணக்கான அடையாளங்களை மென்பொருள் பொறுக்கி எடுக்கிறது. ஒரே அடையாளம் அடுத்தடுத்த போட்டோக்களில் எங்கெங்கே தெரிகிறது என்று பொருத்திப் பார்த்து, கேமரா எங்கே நின்றது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கணக்கிடுகிறது. அதிலிருந்து லட்சக்கணக்கான முப்பரிமாணப் புள்ளிகள், அவற்றிலிருந்து மேற்பரப்பு, கடைசியில் நேர்மேலிருந்து பார்த்தது போன்ற ஆர்த்தோபோட்டோ. இவ்வளவையும் ரேமில் வைத்துக்கொண்டுதான் செய்கிறது. வெப்ஓடிஎம் கையேடு சொல்லும் உத்தேசக் கணக்கு: 250 போட்டோவுக்கு 16 ஜிபி, 500-க்கு 32, 1500-க்கு 64. உங்கள் 420-ஐ அப்படியே கொடுத்தால் ராத்திரி ஓட விட்டுவிட்டுத் தூங்குவீர்கள். காலையில் வந்து பார்த்தால் மெமரி போதவில்லை என்று நின்றிருக்கும்.

வழி இருக்கிறது. ஆப்ஷன்களில் ஸ்பிளிட் என்று ஒன்று உண்டு. 100 என்று கொடுத்தால் போட்டோக்களைச் சுமார் நூறு நூறாகப் பிரித்து, தனித்தனியே ஓட்டி, பிறகு ஒட்டித் தரும். மட்டமான தரைக்கு வெறும் படம் மட்டும் போதும் என்றால் ஃபாஸ்ட் ஆர்த்தோபோட்டோ ஆப்ஷன், சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னொரு 16 ஜிபி வாங்கிச் செருகுங்கள். சந்தாவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாதி போட்டோக்களை அழித்துவிட்டு ஓட்டலாமே என்று தோன்றும். முன்பின் 75 சதவீதமாவது ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும் என்று பறந்து எடுத்தவை அவை. பாதியைத் தூக்கினால் பொருத்துவதற்கு ஆதாரமே போய்விடும். மரம் அடர்ந்த இடத்தில் முதலில் ஓட்டை விழும்.

கேள்வி: இலவச மென்பொருளில் செய்த வேலைக்கு கிளையன்ட்டிடம் காசு வாங்கலாமா? பின்னால் வக்கீல் நோட்டீஸ் வராதே?
– பெயர் வேண்டாம் என்றவர், கொளத்தூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். இதன் உரிமம் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. அது கட்டுப்படுத்துவது மென்பொருளின் நிரலை மட்டும். நீங்கள் அந்த நிரலை மாற்றி எழுதி, அதை வைத்து இணையச் சேவை நடத்தினால், மாற்றிய நிரலைப் பயன்படுத்துபவர்களுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் போட்டோவும் மேப்பும் உங்களுடையவை.

கேள்வி: கேளம்பாக்கத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு ஆர்டிகே ட்ரோன் (இருப்பிடத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் பதியும் ஜிபிஎஸ் உள்ளது) பறக்கவிட்டு வெப்ஓடிஎம்மில் ஓட்டினோம். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் தரைமட்டம் மைனஸ் எண்பது சொச்சம் மீட்டர் என்று காட்டுகிறது. ஓசி சாஃப்ட்வேர் என்றால் இப்படித்தான் என்கிறார் எங்கள் எம்.டி. எது தப்பு?
– சைட் இன்ஜினியர், ஓ.எம்.ஆர்.

பதில்: எதுவும் தப்பில்லை. லட்சக்கணக்கில் கொட்டி வாங்கும் சாஃப்ட்வேரிலும் இதே எண்தான் வரும் என்று எம்.டி.யிடம் சொல்லுங்கள். எனக்கு வரும் கேள்விகளில் மிகவும் பிடித்தது இது. சென்னைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியதும் இது.

ஆர்டிகே கருவி உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. பூமியைச் சீரான, சற்றே தட்டையான ஓர் உருண்டையாகக் கணிதத்தில் வைத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல்மட்டம் அப்படிச் சீரானதல்ல. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல்மட்டம் அந்தக் கணிதப் பரப்புக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே கிடக்கிறது. சென்னை அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. மெரினாவில் அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் ரோவரை (கையில் கொண்டுபோகும் ஆர்டிகே கருவி) நட்டாலும் மைனஸ் எண்பதுக்குக் கீழேதான் காட்டும். யூடியூபில் பாடம் எடுக்கும் ஐரோப்பியர்களுக்கு இது தெரியவே வராது. பிரான்ஸ், ஜெர்மனிப் பக்கம் வித்தியாசம் பிளஸ் நாற்பது ஐம்பது மீட்டர். தரை கொஞ்சம் மேடாகத் தெரியும், யார் கண்ணையும் உறுத்தாது.

சரிசெய்ய இரண்டு வழி. ஆபீஸில் உட்கார்ந்தபடியே இஜிஎம் 2008 என்ற ஈர்ப்பு மாதிரியை வைத்து கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் மென்பொருளில் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். பொதுவான காண்டூர் மேப்புக்கு அது போதும். ஆனால் உங்கள் டிராயிங்கில் ரோடு, கால்வாய், பக்கத்து மனை எல்லாவற்றின் ஆர்.எல்.-உம் (மட்ட உயரம்) ஒரு பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறி) வந்திருக்கும். அதோடு இதுவும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஆட்டோ லெவலையும் (மட்டம் பார்க்கும் கருவி) ஸ்டாஃபையும் (அளவு குறித்த கம்பு) தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கத்தான் வேண்டும். அந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து மட்டம் கடத்திவந்து, தரையில் வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்குக் கொடுங்கள். குறைந்தது ஐந்து புள்ளிகள்: நான்கு மூலை, ஒரு நடு. ஒவ்வொன்றும் மூன்று போட்டோக்களிலாவது தெளிவாகத் தெரிய வேண்டும்.

இந்தப் புள்ளிகளை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி போட்டோக்களோடு சேர்த்து ஏற்றுகிறோம். முதல் வரியில் ஆயமுறை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறை. சென்னைக்கு யுடிஎம் 44 வடக்கு. அதற்கடுத்த ஒவ்வொரு வரியிலும் கிழக்கு, வடக்கு, உயரம், அந்தப் புள்ளி எந்த போட்டோவில் எந்த பிக்சலில் தெரிகிறது என்ற விவரம். பிக்சலைக் கையால் எண்ண வேண்டாம். போட்டோவில் கிளிக் செய்து குறிக்க வெப்ஓடிஎம்மிலேயே கருவி இருக்கிறது. இந்த ஃபைல் இருந்தால் மென்பொருள் போட்டோவில் பதிந்த ஜிபிஎஸ்ஸை விட்டுவிட்டு உங்கள் புள்ளிகளையே நம்பும். ஆர்டிகே ட்ரோன் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு ஃபோர்ஸ் ஜிபிஎஸ் என்ற ஆப்ஷனையும் ஆன் செய்துவிடுவார்கள். அப்போது போட்டோ ஒரு உயரம் சொல்லும், புள்ளி எண்பது மீட்டர் தள்ளி வேறு உயரம் சொல்லும். நடுவில் மாட்டிக்கொண்டு மாடல் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த மனைப்பிரிவின் மழைநீர்க் கால்வாய்க்கு இந்த ட்ரோன் மட்டத்தை வைத்து வாட்டம் போடாதீர்கள். நம் கடற்கரைத் தரையில் வாட்டம் ஆயிரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிது, அதாவது நூறு மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். நன்றாகச் செய்த ட்ரோன் மாடலிலேயே உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் பிழை சர்வசாதாரணம். வாட்டத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும், தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வரும். கால்வாய்க்கு லெவல் எடுப்பதுதான் மரியாதை.

கேள்வி: புராஜெக்ட்டுக்காகத் திருவள்ளூர் பக்கம் ஓர் ஏரியை மேப் செய்தோம். கரை நன்றாக வந்திருக்கிறது, ஏரிக்கு நடுவே பெரிய பொத்தல். இன்னோர் இடத்தில் ஆகாயத் தாமரை இரண்டு இரண்டாகத் தெரிகிறது. செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும் மேடம்?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: செட்டிங்கில் ஒன்றும் இல்லை அம்மா. முதல் பதிலில் சொன்னேனே, ஒரே அடையாளம் பல போட்டோக்களில் தெரிய வேண்டும் என்று. தண்ணீரில் எது அடையாளம்? ஒரு போட்டோவில் பளிச்சிடும் அலை அடுத்த போட்டோவில் இல்லை. உச்சி வெயிலில் பறந்திருந்தால் சூரியனே தண்ணீரில் விழுந்து வெள்ளைத் திட்டாகியிருக்கும். காலையில், கடற்காற்று ஏறுவதற்கு முன் பறங்கள். அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குள் முடிந்தவரை மேலே போய், ஒவ்வொரு போட்டோவிலும் கரை கொஞ்சமாவது விழும்படி பாருங்கள். அப்படியும் பெரிய ஏரியின் நடுப்பகுதி வராது. வராததைக் காலியாகவே காட்டுங்கள். போட்டோஷாப்பில் நீலம் பூசி நிரப்பிய மேப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மார்க் போடுபவர் கண்டுபிடிக்காமல் இருக்கலாம், அடுத்து அதை எடுத்துப் பயன்படுத்துபவர் மாட்டுவார்.

ஆகாயத் தாமரை விஷயம் சுவாரசியமானது. நீங்கள் ஒரு வரிசை பறந்துவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்புவதற்குள் காற்று அந்தப் பச்சை மெத்தையை நகர்த்தியிருக்கிறது. அதனால்தான் ஒரே திட்டு இரண்டு இடத்தில். நகராமல் நின்றிருந்தால் இன்னும் ஆபத்து: மென்பொருள் அதைத் தரை என்றே எடுத்துக்கொண்டு ஏரிக்குள் ஒரு தீவு போட்டுக் கொடுக்கும்.

ஏரியின் கொள்ளளவுதான் உங்கள் புராஜெக்ட் என்றால் மே மாதம் வற்றியபின் போங்கள். மேலிருந்து எடுக்கும் போட்டோ கலங்கிய தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரையைச் சொல்லாது. வற்றிய ஏரியிலும் சீமைக் கருவேலம் மண்டிய பகுதியைத் தனியாகக் குறித்துவிட்டு, அங்கே டோட்டல் ஸ்டேஷனால் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) நாலு புள்ளி எடுத்துச் சேருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு மட்டும் ஒரு மேப் போதும். 250 கிராமுக்குக் குறைவான குட்டி ட்ரோன்தான். அதற்கு அனுமதி வேண்டாமாமே?
– நங்கநல்லூர் வாசகர்

பதில்: பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. வானம் எல்லா எடைக்கும் ஒன்றுதான். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம், தரையிலிருந்தே அனுமதி வேண்டும். 8 முதல் 12 வரை 60 மீட்டர் உயரம் மட்டும் சுதந்திரம், அதற்கு அப்பால் பச்சை மண்டலத்தில் 120 மீட்டர். உங்கள் தெருவில் நின்றால் விமானத்தின் சக்கரம் தெரியுமே! அது சிவப்பு, தடை மண்டலம். என் ஆபீஸ் மொட்டை மாடியிலும் அதே கதைதான். ட்ரோன் பெட்டியை அங்கே திறப்பதுகூட இல்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் மறக்காதீர்கள். பறக்கும் முன், இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

60 மீட்டர் எல்லைக்குள் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் பாதியானால் ஒரு போட்டோ மூடும் பரப்பு கால்வாசி ஆகிவிடும். அதே நிலத்துக்கு நாலு மடங்கு போட்டோ. படம் கூர்மையாகும், கம்ப்யூட்டர் திணறும். கொட்டேஷன் கொடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று காட்ட, முறைப்படி அனுமதி பெற்ற ஆபரேட்டரை வைத்து எங்கள் நகரை மேப் எடுத்தோம். ஃபைல் 1.8 ஜிபி. எல்லா வீட்டுக்காரரும் மொபைலில் பார்க்க வேண்டும், கவுன்சிலருக்கும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகன், ஓப்பன்ஏரியல்மேப்பில் ஏற்றிவிடுங்கள் சித்தப்பா, உலகமே பார்க்கும் என்கிறான்.
– குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர், மாதவரம்

பதில்: பையன் நல்ல பையன். ஓப்பன்ஏரியல்மேப் நல்ல இடம்தான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதநேயக் குழு நடத்துவது. பேரிடர் சமயத்தில் வான்வழிப் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வைக்கிறார்கள், அதைப் பார்த்துத் தன்னார்வலர்கள் ரோடும் வீடும் வரைகிறார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

ஆனால் இந்தியாவில் ஒரு விதி இருக்கிறது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை புவிசார் தரவுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெரும்பாலான வேலைகளுக்கு முன்அனுமதி, லைசென்ஸ் என்று அலைந்த காலத்தை அது முடித்துவைத்தது. அந்த வகையில் எங்கள் தொழிலுக்குப் பெரிய விடுதலை. கூடவே ஒரு கோடும் போட்டது. இடத்தில் ஒரு மீட்டரைவிட, உயரத்தில் மூன்று மீட்டரைவிடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்களோ நபர்களோதான் உருவாக்கலாம், வைத்துக்கொள்ளலாம். அதைச் சேமிப்பதும் பிராசஸ் செய்வதும் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளி வைத்து எடுத்த உங்கள் மேப் சில சென்டிமீட்டர் துல்லியம். வெளிநாட்டு சர்வரில் ஏற்றாதீர்கள். சொந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளை நான் விடாமல் சிபாரிசு செய்வதற்கு விலையைவிட இதுதான் முக்கியக் காரணம்: போட்டோ உங்கள் அறையைவிட்டு வெளியே போவதில்லை.

அப்படியானால் எப்படிப் பகிர்வது? 1.8 ஜிபியை யாரும் மொபைலில் இறக்கப் போவதில்லை. கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் என்று ஒரு வடிவம் இருக்கிறது. அதே படம்தான், உள்ளே சிறு சிறு சதுரங்களாக வெட்டி, கூடவே குறைந்த தெளிவுள்ள பிரதிகளையும் அடுக்கி வைத்திருக்கும். பார்ப்பவர் தன் தெருவைப் பெரிதாக்கினால் அந்தத் தெருவின் சதுரங்கள் மட்டும் சர்வரிலிருந்து வரும். ஜிடிஏஎல் என்ற இலவசக் கருவியில் ஒரே கட்டளையில் மாற்றலாம். ஜேபெக் முறையில் சுருக்கச் சொன்னால் அளவும் வெகுவாகக் குறையும். இந்தியாவில் டேட்டா சென்டர் உள்ள நிறுவனத்தில் ஒரு சின்ன சர்வர் எடுத்து, அதில் வெப்ஓடிஎம்மையே வைத்தால் மேப்புக்கு ஒரு லிங்க் தரும். லிங்க்கைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். இணையமே இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்து, 'இங்கே முழங்கால் தண்ணீர்' என்று குறிக்க வேண்டுமா? கியூஃபீல்டு ஆப் இருக்கிறது, அதுவும் இலவசம்.

லிங்க் போடும் முன் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். மூன்று சென்டிமீட்டர் படத்தில் முகம் தெரியாது. ஆனால் மாடியில் காயும் புடவை தெரியும், அனுமதியில்லாமல் போட்ட தகர ஷெட்டும் தெரியும். ஷெட் வைத்திருப்பவர்தான் முதலில் பிரைவசி பற்றிப் பேசுவார். அவர் நோக்கம் எதுவானாலும் கேள்வி நியாயமானது. ரோடும் கால்வாயும் மட்டும் தெரியும்படி மற்ற இடத்தை வெட்டிவிட்டுப் பொதுவில் வைப்பது நல்லது. கவுன்சிலருக்குக் கொடுப்பது ஏ3 தாளில் கலர் பிரிண்ட். லிங்க் அனுப்பினால் பார்க்க மாட்டார்.

கேள்வி: ட்ரோன் ஆபரேட்டர் முடிந்த படத்தை மட்டும் பிடிஎஃப் ஆகத் தருகிறார். ஒரிஜினல் போட்டோ கேட்டால் 'அது எங்க பிராப்பர்ட்டி' என்கிறார். வற்புறுத்தினதற்குப் பத்துப் பத்தாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை வெப்ஓடிஎம்மில் போட்டால் இடம் தெரியாத படமாக வருகிறது.
– மனை விற்பனையாளர், பூந்தமல்லி

பதில்: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது போட்டோவைச் சுருக்கி, உள்ளே பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் உரித்துவிடும். அந்த போட்டோக்கள் அளவை வேலைக்கு ஆகாது. பிடிஎஃப் அதைவிட மோசம், ஆபீஸ் சுவரில் மாட்டலாம்.

போட்டோ யாருக்குச் சொந்தம் என்று இப்போது சண்டை போட்டுப் பயனில்லை. வொர்க் ஆர்டரில் எழுதாமல் விட்டதன் பலன். அடுத்த முறை எழுதுங்கள்: கேமராவிலிருந்து வந்தபடியே எல்லா போட்டோக்களும், கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் ஃபைல், ஜியோடிஃப் ஆர்த்தோபோட்டோ, லாஸ் வடிவத்தில் பாயின்ட் கிளவுட் (அந்த முப்பரிமாணப் புள்ளிகள்), மென்பொருள் தரும் தர அறிக்கை. உயரம் எந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி. போட்டோக்கள் கையில் இருந்தால் வேறு ஆளிடம் கொடுத்து மறுபடி ஓட்டிச் சரிபார்க்கலாம். இரண்டு வருடம் கழித்து மென்பொருள் இன்னும் தேறியிருக்கும்போது அதே போட்டோவிலிருந்து இதைவிட நல்ல மேப் எடுக்கலாம்.

இப்போதைக்கு, தன்மையாகப் பேசி ஒரிஜினல்களை ஹார்டு டிஸ்க்கில் கேளுங்கள். கொடுக்க வேண்டிய பாக்கி ஏதாவது இருந்தால், டிஸ்க்கைத் திறந்து ஒரு போட்டோவின் பிராப்பர்ட்டீஸில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.